பதினோரு அடி

காஜா பெராங், மலாக்கா
13.1.1957

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணனுக்குத் தங்கை பாக்கியலட்சுமி எழுதுவது. நானும் உங்கள் மாப்பிள்ளையும் மகள் ஜெயாவும் சுகம். துறைமுகத்தில் மூட்டை தூக்கி வந்த உங்கள் முதுகுவலி குறைந்ததா என்று இரண்டு வரி எழுதினால் கை தேய்ந்துவிடாது. தீபாவளிக்கு எழுதியவர் நீங்கள். நாளைக்குப் பொங்கல்.

இங்கே பெரிய செய்தி. நம் கம்பத்துக் குடியிருப்புக்குக் குழாய்த் தண்ணீர் வரப்போகிறது! பட்டா இல்லாத இடத்தில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்டு உட்கார்ந்திருக்கிறோம், நம்மை யார் மதிக்கப் போகிறார்கள் என்றுதான் உங்கள் மாப்பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தார். மூலைக்கடை காதர் மைதீன் நானா விடவில்லை. முனிசிபல் ஆபீசுக்கு மனுமேல் மனுவாக எழுதி, மூன்றாவது மனுவுக்குப் பதில் வாங்கிவிட்டார்.

குழாய் அவர்கள் தருவார்கள், பள்ளம் நாம் தோண்ட வேண்டும். பெரிய ரோட்டிலிருந்து கடைசி வீடு வரைக்கும் அறுநூறு அடி. குழிக் கக்கூஸ் எல்லாவற்றையும் மூடிவிட்டு வாளிக் கக்கூஸுக்கு மாற வேண்டும். வாளி எடுக்க வருகிறவர் நம் அடுப்படி வழியாக நடக்கக் கூடாதாம், அதனால் ஒவ்வொரு வீடும் பின்பக்கம் மூன்றடி இடம் விட்டுப் பாதை போட வேண்டும். திறந்த கிணறுகளையும் மூட வேண்டும். முப்பத்தொரு வீட்டுக்காரரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான் குழாயை இறக்குவார்கள்.

நானாவைச் செயலாளராக்கி ஒரு கமிட்டி போட்டிருக்கிறோம். நானும் அதில் ஒருத்தி. சிரிக்காதீர்கள்.

உங்கள் வீடு பூட்டித்தான் கிடக்கிறது. கிணறு உங்களுடையது, அதனால் கையெழுத்தும் உங்களுடையதாக இருக்க வேண்டும். காகிதத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். போன நவம்பரில் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து கம்பம் முழுக்க நாடா பிடித்து அளந்தார். என்னென்னவோ சொன்னார். அதையெல்லாம் எழுத இந்தத் தாள் போதாது. கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிடுங்கள்.

பொங்கலுக்கு நல்ல சாப்பாடாகச் சாப்பிடுங்கள்.

உங்கள் தங்கை,
பாக்கியம்


தஞ்சோங் பகார், சிங்கப்பூர்
2.2.1957

தங்கை பாக்கியத்துக்கு அண்ணன் தம்பிராஜாவின் ஆசி. நான் நலம். முதுகு இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் பழகிவிட்டன. மாப்பிள்ளையையும் ஜெயாவையும் கேட்டதாகச் சொல். ஜெயாவுக்குப் பூப்போட்ட துணி வாங்கி வைத்திருக்கிறேன், மலாக்கா வரும் லாரிக்காரர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

குழாய் வருவது சந்தோஷம். நீ கமிட்டியில் இருப்பதற்குச் சிரிக்கவில்லை. அந்தக் கமிட்டியை நினைத்துத்தான் பாவமாக இருக்கிறது.

பாதைக்கு என் இடத்தில் மூன்றடி என்ன, ஆறடி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்றை மட்டும் விட்டுவிடுங்கள். சந்திரமதி கல்யாணமாகி வந்த புதிதில் ரோட்டுப் பம்ப்பிலிருந்து இரண்டு வாளி தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க நடந்து வருவாள். அதைப் பார்த்துத்தான் ஈசானிய மூலையில் இடம் குறித்து, பதினேழு நாள் தனியாக வெட்டினேன். முதல் வாளி அவள்தான் இறைத்தாள். என் மனைவி பேரில் இந்த உலகத்தில் இருப்பது அது ஒன்றுதான். மேலே பலகை போட்டு மூடி வையுங்கள், யாரும் இறைக்க வேண்டாம். மண் மட்டும் போட வேண்டாம்.

காகிதத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

தம்பிராஜா


காஜா பெராங்
20.2.1957

அண்ணனுக்கு வணக்கம். நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீங்களும் அப்படியே இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். துணி வந்தது. ஜெயா அதைத் தைக்கக் கொடுக்காமல் போர்த்திக்கொண்டே திரிகிறாள்.

பள்ளம் தோண்ட ஆரம்பித்துவிட்டோம். ஞாயிறுதோறும் கோத்தோங் ரோயோங் கூட்டு வேலை, வீட்டுக்கு ஓர் ஆள். முதல் ஞாயிறு ஆண்கள் மட்டும் வந்தார்கள். பாதி நேரம் சிகரெட், பாதி நேரம் மலாயாவுக்குச் சுதந்திரம் வந்தால் என்னென்ன வரும் என்ற பேச்சு. பொன்னம்மாக்கா பார்த்தார். "சங்குல் மம்பட்டியப் புடிச்சிக்கிட்டு போட்டோவுக்கா நிக்கிறீங்க? குடுங்க இப்படி!" என்று மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். அடுத்த ஞாயிறிலிருந்து பெண்களும் தோண்டுகிறோம். நடராஜன் பின்பாதைக்காகத் தன் வாழை மரங்களை வெட்டமாட்டேன் என்று ஒரு வாரம் முறுக்கிக்கொண்டு நின்றார். குலை தள்ளும்வரை பொறுக்கிறோம் என்று நானா சொன்னதும் இறங்கி வந்தார்.

கிணற்று விஷயம். பலகை போட்டு மூடினால் போதாதாம். கொசு முட்டை வைக்கிறது. தவளை விழுந்து நாறுகிறது. போன வாரம் ஜெயா எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள், எனக்கு உயிரே போய்விட்டது. சின்னப் பிள்ளைகள் உள்ள இடம், எத்தனை பேரை எத்தனை நேரம் பார்ப்பது?

முப்பது கையெழுத்து வந்துவிட்டது. உங்களுடையதுதான் பாக்கி. அண்ணியை எங்கள் மனசிலிருந்து யாரும் எடுக்க முடியாது அண்ணா. காகிதத்தை மறுபடி வைத்திருக்கிறேன்.

பாக்கியம்


சிங்கப்பூர்
9.3.1957

பாக்கியத்துக்கு ஆசி. சுகம்.

கொசுவுக்கு மண்ணெண்ணெய் ஊற்று. பிள்ளைகளுக்கு வேலி போடு, கம்பி நான் அனுப்புகிறேன். கிணற்றைப் பற்றி இனி எழுதாதே. வேறு செய்தி எழுது. எல்லாரையும் விசாரித்தேன் என்று சொல்.

தம்பிராஜா


காஜா பெராங்
28.4.1957

அண்ணனுக்கு வணக்கம். உடம்பைக் கவனித்துக்கொள்கிறீர்களா?

உங்கள் கடிதம் வந்து ஏழு வாரமாக நான் பதில் எழுதவில்லை. ஜெயாவுக்குக் காய்ச்சல். பெரிய ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் வைத்திருந்தார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள், கஞ்சி குடிக்கிறாள், பயப்படாதீர்கள். முடியெல்லாம் கொட்டுகிறது என்று ஒட்ட வெட்டிவிட்டோம். கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "மாமா வந்தா என்னைய அடையாளம் தெரியுமாம்மா?" என்று கேட்கிறாள். என்ன காய்ச்சல் என்று நீங்கள் கேட்க வேண்டாம்.

பள்ளம் உங்கள் வேலி வரைக்கும் வந்து நிற்கிறது. ஜூன் முப்பதுக்குள் எல்லாக் கையெழுத்தும் சேராவிட்டால் குழாய் வேறு கம்பத்துக்குப் போய்விடும். கிளேபாங் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். வழியில் என்னைப் பார்த்தால் சிலர் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். நானா மட்டும் கடைக்குப் போகும்போதெல்லாம், "தங்கச்சி, அண்ணன் மனசு நோகாம கேளு, ஆனா கேளு" என்கிறார்.

கேட்கிறேன் அண்ணா.

பாக்கியம்


காஜா பெராங்
26.5.1957

அண்ணா,

நான்கு வாரம் ஆகிவிட்டது, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. அதனால் இன்றைக்கு நலம் விசாரிக்காமலே தொடங்குகிறேன். இதை எழுதாமல் இனி என்னால் சோறு தின்ன முடியாது.

நவம்பரில் வந்த இன்ஸ்பெக்டர் உங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார். பிறகு திரும்பி வந்து, கிணற்றடியில் நாடாவின் ஒரு முனையை வைத்து, மறு முனையை வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் கக்கூஸ் வரைக்கும் இழுத்தார். பதினோரு அடி. "இந்தத் தண்ணீர் குடித்து யாருக்காவது காய்ச்சல் வந்ததா?" என்று கேட்டார். உங்கள் மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் அண்ணியைச் சொன்னேன். ஐம்பத்து மூன்றில் இருபத்தொரு நாள் காய்ச்சலில் கிடந்து போனார் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அவர் நின்ற விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

அது எங்கள் கக்கூஸ் அண்ணா. நாங்கள் எஸ்டேட்டை விட்டு வந்த வருஷம் குழி வெட்டித் தந்தது நீங்கள். ஆனால் இடம் காட்டியது நான். "அடுப்படிக்கு வாடை வரக்கூடாது, அந்தக் கடைசியில வெட்டுங்க" என்று வேலியோரம் கை காட்டினேன். என் அடுப்படியைப் பார்த்தேனே தவிர, வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணி தண்ணீர் இறைக்கிறாரே என்று பார்க்கவில்லை. என் வீட்டு அசிங்கம் அண்ணியைக் கொன்றுவிட்டது.

இதைத்தான் நான் கொசு என்றும் தவளை என்றும் எழுதிக்கொண்டிருந்தேன். காய்ச்சிக் குடியுங்கள் என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தார்கள். நாங்களும் காய்ச்சினோம். ஆனால் பிப்ரவரி வெயிலில் கம்பத்துக் கிணறெல்லாம் வற்றி, உங்கள் கிணறு ஒன்றுதான் ஊறிக்கொண்டிருந்தது. விளையாடிக் களைத்த ஜெயா வாளியிலிருந்து அப்படியே அள்ளிக் குடித்திருக்கிறாள். அண்ணிக்கு வந்த அதே காய்ச்சல்.

உங்களுக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் போகலாம். போகட்டும். கிணற்றை மூட மட்டும் விடுங்கள்.

பாக்கியம்


சிங்கப்பூர்
3.6.1957

என் தங்கை பாக்கியத்துக்கு,

அழாதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உன் கடிதத்தின் மடிப்பில் மை கரைந்திருந்தது.

எனக்கு முன்பே தெரியும் பாக்கியம். மூன்றரை வருஷமாகத் தெரியும்.

சந்திரமதியை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் டிரஸ்ஸர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கிணற்றுக்கும் கக்கூஸுக்கும் எத்தனை அடி என்று கேட்டார். ஐம்பது அடி என்றேன். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கிணற்றுக்கு ஈசானிய மூலை பார்த்தவன் நான். பிறகு உன் வீட்டுக் குழி வெட்டும்போது, தோள் ஆழத்தில் கிணற்றுப் பக்கத்துச் சுவரில் ஈரம் கசிந்ததைப் பார்த்தவனும் நான்தான். ஒரு கூடைக் களிமண்ணை அப்பிவிட்டு மேலே ஏறிவிட்டேன். நீ இடம்தான் காட்டினாய். இருபது வயதுப் பெண்ணுக்கு என்ன தெரியும்? மண்வெட்டி என் கையில் இருந்தது.

அவள் போன பிறகு என்னால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. கிணற்றை மூடினால் ஏன் என்று கேட்பார்கள். சொன்னால் வேலிக்கு அந்தப் பக்கம் நீ இருக்கிறாய், உன்னால்தான் என்று நீ சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பாய். அதனால் சொல்லாமல் ஓடி வந்தேன். சந்திரமதியின் நினைவு என்று உனக்கு எழுதியது பாதிதான் உண்மை.

ஆனால் எல்லாரும் அதில் இறைத்துக் குடித்துக்கொண்டுதானே இருந்தார்கள். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நான் வாயை மூடியிருந்தேன். அந்தத் தண்ணீர் ஜெயாவிடம் போய்விட்டது. முடி கொட்டுகிறது என்று நீ எழுதியதைப் படித்த நாளிலிருந்து தாளை எடுப்பதும் கிழித்துப் போடுவதுமாக இருந்தேன். அதனால்தான் பதில் இல்லை.

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். சீக்கிரம் மண்ணைப் போட்டுவிடுங்கள். நான் வரமாட்டேன். எந்த முகத்தோடு அந்தப் பிள்ளையின் முன்னால் வந்து நிற்பது?

தம்பிராஜா


காஜா பெராங்
12.6.1957

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உங்களைத் திட்டினேன். மனசுக்குள் இல்லை, வாய்விட்டு. உங்கள் மாப்பிள்ளைக்குக் காது புளித்துவிட்டது. ஐம்பது அடியாம்! எவ்வளவு வாய்க்கொழுப்பு இருந்தால் ஆஸ்பத்திரியில் நின்று அப்படிச் சொல்லத் தோன்றும்? அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் என் பிள்ளை பதினெட்டு நாள் கட்டிலில் கிடந்திருப்பாளா? எனக்குக் கோபம்தான். இல்லை என்று பொய் எழுதமாட்டேன்.

மறுநாள் யோசித்துப் பார்த்தேன். நவம்பரில் அறிந்துகொண்டு மே வரைக்கும் உங்களிடம் மறைத்தவள் நான். எதற்கு மறைத்தேன்? அண்ணன் என்னை வெறுத்துவிடக் கூடாது என்பதற்காக. நான் நவம்பரிலேயே எழுதியிருந்தால் கிணறு பொங்கலுக்குள் மூடியிருக்கும். இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த பாசத்தில் பேசாமல் இருந்து, ஒரு சின்னப் பிள்ளையைப் படுக்கவைத்துவிட்டோம். இனி அப்படிப்பட்ட பாசம் நமக்கு வேண்டாம்.

கையெழுத்தை நானாவிடம் கொடுத்துவிட்டேன். ஆனால் மண் போட நான் விடவில்லை. 23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மூடுவதாகச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் வந்து முதல் கூடை போட வேண்டும். எங்கள் குழியை நான் மூடுகிறேன், உங்கள் கிணற்றை நீங்கள் மூடுங்கள். வராவிட்டால் ஜெயாவைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூருக்கு வந்து உங்கள் கூலி லைன் வீட்டு வாசலில் உட்காருவேன். செய்வேன் என்று உங்களுக்கே தெரியும்.

பாக்கியம்


சிங்கப்பூர்
17.6.1957

பாக்கியத்துக்கு,

சனிக்கிழமை வேலை முடிந்து பஸ் ஏறுகிறேன். ஜெயாவிடம் முன்கூட்டியே எதுவும் சொல்லாதே. அவள் என்னைப் பார்த்து ஓடினாலும் திட்டாதே.

தம்பிராஜா


காஜா பெராங்
25.8.1957

என் அருமை அண்ணனுக்குத் தங்கையின் வணக்கம். எல்லாரும் நலம். ஜெயாவுக்கு முடி வளர்ந்து காதை மூடுகிறது. நீங்கள் வந்த அன்றைக்கு அவள் ஓடத்தான் ஓடினாள், எந்தப் பக்கம் ஓடி வந்தாள் என்று உங்கள் கழுத்துக்குத் தெரியும்.

நீங்கள் ஒரு வாய் சாப்பிடாமல் நாலு மணி பஸ்ஸில் போய்விட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை. கிணற்றடியில் அத்தனை பேர் நடுவில் நின்று, "இந்தத் தண்ணி கெட்டது எனக்கு மூணு வருஷமா தெரியும். சொல்லாம ஓடிட்டேன்" என்றீர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கூடை கூடையாக மண்ணை மட்டும் தூக்கிக் கொடுத்தார்கள். அதைத் தண்டனை என்று எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். இல்லை அண்ணா. அங்கே நின்ற ஒவ்வொருவரும் தன் வீட்டுக் கக்கூஸுக்கும் அடுத்த வீட்டுக் கிணற்றுக்கும் எத்தனை அடி என்று மனசுக்குள் அளந்துகொண்டிருந்தார்கள். அன்று சாயங்காலமே இரண்டு வீட்டில் நாடா கேட்டு வந்தார்கள்.

பொன்னம்மாக்காவுக்கு மட்டும் கோபம் இருந்தது. அவருடைய கடைசி மகனும் அந்தத் தண்ணீரில்தான் வளர்ந்தான். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. மூன்றாவது வாரம் ஒரு குண்டான் சாம்பாரோடு வந்து, "உங்கண்ணன் நெனச்சிருந்தா கடுதாசியோட நிறுத்தியிருக்கலாம். வந்து நின்னாருல்ல. அது போதும் விடு" என்றார்.

போன திங்கட்கிழமை தண்ணீர் வந்துவிட்டது! மொத்தம் இரண்டு குழாய். ஒன்று கடைமூலையில். இன்னொன்றை எங்கே வைப்பது என்று கூட்டம் போட்டோம். ஆளாளுக்குத் தங்கள் வாசல் என்றார்கள். பொன்னம்மாக்காதான் எழுந்து, "தம்பிராஜா வீட்டு வாசல்ல வைங்க" என்றார்.

"பூட்டிக் கெடக்கிற வீட்டுக்கு எதுக்குக்கா?" என்று நானே கேட்டேன்.

நானா கணக்கு நோட்டை மூடிவைத்துவிட்டு, "ஆளு வரட்டும்னுதான் தங்கச்சி" என்றார். ஒரு கை விடாமல் எல்லாரும் தூக்கினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, கூட்டத்தில் அழுத கமிட்டி உறுப்பினர் நான் ஒருத்திதான்.

இப்போது விடிந்தால் உங்கள் வாசலில் கூட்டம். வரும் சனிக்கிழமை சுதந்திரம். அதற்கு முன்னால் கழுவிவிடுகிறோம் என்று வீட்டு வாசலை எல்லாரும் சேர்ந்து தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிவிட்டார்கள். உள்ளே நுழைய முடியவில்லை, சாவி உங்களிடம்.

பாக்கியம்


சிங்கப்பூர்
2.9.1957

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. நலம். எல்லார் நலத்தையும் வேண்டுகிறேன்.

உன் கடிதத்தை ஐந்தாறு தடவை படித்துவிட்டேன். சந்திரமதி இறந்து இத்தனை நாளில் நான் அழுததே இல்லை, உனக்குத் தெரியுமா? அழுதால் ஏன் இறந்தாள் என்று நினைக்க வேண்டியிருக்கும். அன்றைக்குக் கிணற்றை மூடிவிட்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். மூவார் ஊர் தாண்டும்வரை அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த மலாய்க்காரப் பெரியவர் ஓர் ஆரஞ்சை உரித்துக் கையில் கொடுத்தார். அவள் முகம் இப்போது எனக்கு நன்றாக ஞாபகம் வருகிறது. முன்பெல்லாம் காய்ச்சலில் கிடந்த முகம்தான் வரும்.

துறைமுகத்தில் இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மலாக்காவில் எனக்கு ஏற்ற வேலை ஏதாவது உண்டா என்று மாப்பிள்ளையிடம் கேட்கச் சொல். பொன்னம்மாக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

குழாய்த் தண்ணீர் எப்படி இருக்கிறது? ஒரு குவளை பிடித்துக் குடித்துப் பார்த்து எழுது.

வேண்டாம், எழுதாதே. நானே வந்து குடிக்கிறேன்.

தம்பிராஜா